சூரமங்கலத்துக்கு இரவல் தந்த நாக்கு

வியாழன் காலை ஏழு மணிக்குச் சேலம் சந்திப்பில் இறங்கினேன். காட்பாடியிலிருந்து முன்பதிவில்லாத பெட்டியில் கழிவறைக் கதவை ஒட்டி நின்றே வந்ததில் இரண்டு கால்களும் மரத்துப் போயிருந்தன. நடைமேடைக் குழாயில் முகம் கழுவி, ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது பசி வந்துவிட்டது. பசி வந்துவிட்டால் எனக்குக் கால்வலி தெரியாது.

ஓர் ஊருக்குப் போனால் கோட்டை, கோயில் என்று பார்க்கிறவர்கள் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்வெட்டு முன்னால் நின்றால் எழுத்துக்கும் கீறலுக்கும் வித்தியாசம் தெரியாது. பொழுது சாய்ந்ததும் அந்த ஊர்க்காரர்கள் எதைத் தின்ன வண்டியைச் சுற்றி நிற்கிறார்களோ, அதைப் போய்த் தின்றுவிட்டு வருவேன். சேலத்துக்கு வந்தது தட்டுவடை செட்டுக்காக. அப்படியே ராசிபுரம் நெய், நாமக்கல் முட்டை, பள்ளிபாளையம் கோழி. கையில் நான்கு நாள் இருந்தது.

நிலைய வாசலில் ஓர் அம்மாள் கூடையில் மாம்பழம் வைத்திருந்தார். சீசன் முடியப்போகும் நேரம். கிலோ நூறு ரூபாய். ஒரு குண்டு மாம்பழத்தை எடுத்துக் காம்புப் பக்கமாக மோந்து பார்த்தேன். இன்னொன்றையும் மோந்தேன்.

"ஏஞ்சாமி, மோந்தே வகுறு ரொம்பிரும் போல இருக்குதே. மோக்கறதுக்கு நாங்க காசு வாங்கறதில்லீங்க, திங்கறதுக்குத்தான்" என்றார்.

மோந்து பார்ப்பதற்கு விலை உண்டு என்பது அன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது.

வெயில் தாழ்ந்ததும் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புகளை ஒட்டிய சாலையில் நடந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தட்டுவடை வண்டி. எல்லாவற்றையும் சுற்றிக் கூட்டம். ஒரே ஒரு வண்டி முன்னால் மட்டும் யாரும் இல்லை. நெரிசலில் நிற்க அலுத்து அங்கே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. பெயர் ஆரோக்கியம்.

தட்டுவடை செட்டு என்றால் இதுதான்: உள்ளங்கையில் பாதி அளவுக்கு மொறுமொறுவென்று தட்டை. அதன்மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. துருவிய கேரட்டு, பீட்ரூட்டு, பொடி வெங்காயம். மேலே இன்னொரு தட்டையை வைத்து மூடிக் கொடுப்பார்கள். ஒரு தட்டில் ஐந்து, முப்பது ரூபாய். ஆள் வந்து நின்ற பிறகுதான் அடுக்குவார்கள். முன்கூட்டியே அடுக்கி வைத்தால் ஐந்து நிமிடத்தில் நமத்துப்போகும். ஒரே வாயில் போட வேண்டும். கடித்துத் தின்கிறவன் சட்டையைப் பார்த்தே வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆரோக்கியத்தின் கை அழகாக ஓடியது. வடை மொறுமொறுவென்று உடைந்தது. அடுத்த நொடி காது இரண்டும் அடைத்துக்கொண்டன. கண்ணில் நீர் கொட்டியது.

"எப்படீங்ணா இருக்குது?"

"வடை தங்கம். சட்னின்னு ஒண்ணு இதுல இல்லை. மொளகாயை அரைச்சு வெச்சிருக்கீங்க" என்றேன். நான் திண்டிவனம் பக்கத்து ஆள். எங்களுக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வராது.

அவர் கோபப்படவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். "இந்த ஒரு வருசத்துல நல்லா இருக்குதுன்னு சொல்லாத மொத ஆளு நீங்கதானுங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு மணமும் ருசியும் போய்விட்டன. உப்பு, இனிப்பு மட்டும் மங்கலாகத் தெரியும். கொத்தமல்லியும் புல்லும் ஒன்று. அவருடைய நாக்கு திருத்தமாக உணர்ந்தது காரத்தின் எரிச்சலை மட்டும்தான். அதையே நம்பி அரைத்தார். எரிச்சல் போதவில்லை என்று தோன்றிய நாளெல்லாம் ஒரு பிடி மிளகாய் கூடியது.

"தின்னவங்க யாரும் சொல்லலையா?"

"இந்த ஊருச் சனம் சொல்லுமுங்களா? கண்ணுல தண்ணி ஊத்தும், மூக்கச் சிந்துவாங்க, 'நெம்ப நல்லா இருக்குதுங்க'ம்பாங்க. நாளைக்கு அக்கட்ட வண்டிக்குப் போயிருவாங்க. எங்கூட்டுக்காரியும் நல்லா இருக்குதுன்னுதான் சொல்றா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியை வாங்க ஆள் வருகிறார். வேகவைத்த மக்காச்சோளம் விற்பவர். பேச்சு முடிந்துவிட்டது. ஆரோக்கியம் ஒரு நூல் மில்லுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகப்போகிறார். பதினெட்டு வருடம் சட்னி அரைத்த கை அது. வாட்ச்மேனுக்கு மூக்கு வேண்டியதில்லை என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

நான் என் பயணத்தைச் சொன்னேன். ராசிபுரம் என்றதும் நிமிர்ந்தார். பழகின மணங்களை நினைத்துக்கொண்டே மோந்து பாருங்கள், திரும்பினாலும் திரும்பும் என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தாராம். வீட்டில் கிராம்பையும் எலுமிச்சையையும் மோந்து மோந்து அலுத்துவிட்டது அவருக்கு.

"என்ர மொபெட்டுல போலாமுங்ணா. பெட்ரோலு உங்குளுது. ஒண்ணே ஒண்ணு, நீங்க திங்கறதெல்லாம் எப்படி இருக்குதுன்னு எனக்குச் சொல்லோணும். நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

வெள்ளி காலை ஆறரை மணி. இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பின் இருக்கை என்று ஒன்று இல்லை. கேரியர்மேல் சாக்கை மடித்துப் போட்டிருந்தார். ராசிபுரம் முப்பது கிலோமீட்டருக்குள்தான். லாரிகள் உரசிக்கொண்டு போகும்போதெல்லாம் சாக்கு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன்.

வழியில் ஒரு சேகோ ஆலை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற இடம். களத்தில் வெள்ளை வெளேரென்று மாவு காய்ந்துகொண்டிருந்தது. கழிவுத் தண்ணீரின் புளித்த நாற்றம் சாலை வரைக்கும் வந்து அடித்தது. துண்டால் மூக்கை மூடினேன்.

"ஏனுங்ணா, தூசியா?"

"நாத்தம்."

"எந்த மாதிரி நாத்தம்?"

"மூணு நாள் மறந்துபோன பழைய சோத்துப் பானையில எலி விழுந்த மாதிரி."

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, மூக்கை விடைத்து, பூசையில் நிற்கிறவரைப் போலக் கண்ணை மூடி இழுத்தார். ஒன்றும் இல்லை. "எனக்குக் கொடுப்பினை இல்லீங்க" என்றார். அந்த நாற்றத்துக்கு ஏங்கிய மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

ராசிபுரத்தில் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சின்ன ஓட்டல். நெய் தோசை எழுபது ரூபாய். உருக்கிய நெய்யைக் கரண்டியில் வைத்துக்கொண்டு, தோசை சிவக்கும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊற்றினார்கள். கல்லிலிருந்து எழுந்த புகையில் ஆரோக்கியத்தைக் குனிந்து நிற்கச் சொன்னேன். மாஸ்டர் விலகிக்கொண்டார், ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்.

"வருதா?"

"சூடு வருதுங்க. நீங்க சொல்லுங்க."

"மணமா இருக்கு."

"மணமா இருக்குதுன்னா எனக்கு என்னங்ணா தெரியும்? எந்த மாதிரி?"

இது எனக்கு வந்த சோதனை. நாற்பது ஊர் தின்றிருக்கிறேன், ஒன்றையும் இப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை. இரண்டு வாய் மென்று யோசித்தேன். "கன்னுக்குட்டி நெத்தியில மூக்கை வெச்சா ஒரு வாசனை வருமே, அது. அதுக்கு மேல வாணலியில வறுத்த முருங்கைக்கீரை கொஞ்சம். தொண்டையில எறங்கும்போது மணல் மணலா ஒரு இனிப்பு."

அவர் தோசையை மென்றார். "கன்னுக்குட்டி நெத்தி" என்று மட்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு இன்னொரு தோசை சொன்னார். ருசி தெரியாத மனிதர் இரண்டாவது தோசை கேட்டது எனக்குக் கிடைத்த பரிசு என்று எடுத்துக்கொண்டேன்.

பகல் முழுக்க நாமக்கல்லில் சுற்றினோம். முட்டை ஏற்றிய லாரிகளின் பின்னாலேயே ஊருக்குள் நுழைந்தோம். மாலையில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் கலக்கி, இருபது ரூபாய். முட்டையை உடைத்து ஊற்றி, மிளகுத்தூளும் ஒரு கரண்டிக் குழம்பும் சேர்த்து, வேகும் முன்பே சுருட்டி எடுத்துத் தட்டில் சரித்துவிடுகிறார்கள்.

"இது எப்படி?"

"வெந்தும் இருக்கு, வேகாமலும் இருக்கு. குளிச்சுட்டு ஒடம்பு தொடைக்காம பனியன் போட்ட மாதிரி."

கடைக்காரப் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏனுங்க, என்ர கலக்கி ஈரப் பனியனுங்களா? வேற எங்காச்சும் போயி இப்படிச் சொல்லிப் பாருங்க, கரண்டி பறக்கும்!"

ஆரோக்கியம் கைகூப்பி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள். கடைசியில் இன்னொரு கலக்கியை அவர் தட்டில் போட்டுவிட்டு, "காச உடுங்க. அந்தண்ணன் சொன்னது தப்பு. இது கெட்டித் தயிர நாக்குலயே ஒடைச்ச மாதிரி இருக்குமுங்க, காரத் தயிரு" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. நான் ஒப்புக்கொண்டேன்.

இரவு தங்கியது ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளின் ஊரான திருச்செங்கோட்டில். முன்பு நான் அப்படியொரு லாரியில் சத்தீஸ்கர் பக்கம் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். அந்தப் பழக்கத்தில் ஒரு ஷெட்டில் பாய் கிடைத்தது. கிரீஸ் வாடை, கொசு. ஆரோக்கியத்துக்கு வாடை இல்லை, கொசு மட்டும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பள்ளிபாளையம். காவிரிக்கு அந்தப் பக்கம் ஈரோடு, இந்தப் பக்கம் விசைத்தறிச் சத்தம். வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டேன் என்று ஆரோக்கியம் சொல்லியிருந்ததால்தான் கோழியை இந்த நாளுக்கு வைத்திருந்தோம். ஒரு தகரக் கூரைக் கடை. பள்ளிபாளையம் சிக்கன் ஒரு தட்டு நூற்று எண்பது. மசாலாத் தூள் எதுவும் கிடையாது. நாட்டுக்கோழி, சின்ன வெங்காயம், பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய், கை நிறைய வரமிளகாய், அவ்வளவுதான். தட்டு செக்கச் சிவந்திருந்தது. ஆரோக்கியத்தின் முகம் மலர்ந்தது. இதாவது எரியும் என்று நினைத்திருப்பார். ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். முகம் வாடியது.

"என்னங்ணா இது, பஞ்சாட்ட இருக்குது? இத்தன மொளகா போட்டும் காரமே இல்லையே."

நானோ அடுத்த துண்டை எடுத்துவிட்டேன். தேங்காய்ப்பல் கோழியின் நெய்யில் வறுபட்டு இனித்தது. மிளகாய்த் தோல் லேசாகக் கருகி, வெயிலில் காய்ந்த புளியம்பழ ஓடு மாதிரி மணத்தது. எரிச்சல் கொஞ்சமும் இல்லை. பரிமாறியவரைக் கேட்டேன்.

"வெதைய உதறிப்போட்டுத்தான் போடறமுங்க. நெறத்துக்கும் வாசத்துக்கும் மொளகா, வாய எரிக்கறதுக்கு இல்லீங்களே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

நான் தட்டைக் காலி செய்ததை ஆரோக்கியம் எலும்பு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குப் பஞ்சு. நீங்க வெரலச் சூப்பறீங்க" என்றார். "அப்ப எனக்குத் தெரியற எரிச்சலு ருசியே இல்லீங்க. நான் ஒரு வருசமா அந்தத் தப்பான ஆளுகிட்ட வழி கேட்டுட்டு இருந்திருக்கறேன்." சங்ககிரி வழியாகத் திரும்பினோம்.

மகுடஞ்சாவடி தாண்டி இன்னொரு சேகோ ஆலை. நான் துண்டை எடுத்துக்கொண்டிருந்தபோது மொபெட்டு தடாலென்று நின்றது. என் மூக்கு அவர் முதுகில் இடித்தது.

"ஏனுங்ணா... புளிச்ச மாதிரி ஏதாச்சும் வருதுங்களா?"

"வருது. நல்லா வருது."

"எனக்கும் நூலாட்ட ஒண்ணு வருதுங்க. வந்துச்சா, நானா நெனச்சுக்கிட்டனா தெரியல. போச்சு. இல்ல, இருங்க... இருக்குது, இருக்குது!"

சாலையோரத்தில் நின்றுகொண்டு அவர் அந்த நாற்றத்தை இழுத்து இழுத்துக் குடித்தார். ராசிபுரம் நெய் வராத மூக்குக்கு முதலில் வந்தது அழுகிய மரவள்ளித் தண்ணீர். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "மயக்கமுங்களா? தண்ணி வேணுமுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க சாமி, நாத்தம்!" என்று ஆரோக்கியம் ஆனந்தமாகக் கூவினார். அந்த மனிதர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுச் சைக்கிளை வேகமாக மிதித்தார்.

மாலை நாலு மணிக்குச் சூரமங்கலத்தில் அவர் வீடு. மனைவி ஸ்டெல்லா தட்டைகளைத் தகர டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். மூக்கில் வந்தது நூல்தான். அதை நம்பி அரைக்க முடியாது. ஆரோக்கியம் பழக்கதோஷத்தில் பச்சை மிளகாயைப் பிடி பிடியாக அள்ளி மிக்சியில் போட்டார். நான் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லாவின் கை உள்ளே போய்ப் பாதியை எடுத்துவிட்டது. வேலையைப் போல, யோசிக்காமல். எடுத்த பிறகுதான் நாங்கள் பார்ப்பது அவருக்கு உறைத்தது.

"ஏம்புள்ள எடுக்கற?"

ஸ்டெல்லா முந்தானையால் கையைத் துடைத்தார். "நித்தம் எடுக்கறதுதானுங்க. நீங்க அக்கட்ட திரும்புனதும் பாதிய எடுத்துருவேன். எரிச்சலு பத்தலைன்னு மறுநா நீங்க ரெண்டு பிடி சேத்திப் போடுவீங்க. நா எடுக்க, நீங்க போட... உங்க கைக்கு என்ர கை ஓடி முடியலீங்க."

"சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? கண்ணாலம் ஆன புதுசுல என்ர கொழம்ப உப்போட உப்பாத் தின்னுப்போட்டு, நல்லா இருக்குதுன்னு நீங்க சொல்லுலீங்களா?"

ஆரோக்கியம் சிரிக்க ஆரம்பித்தார். வியாழன் மாலை வாயோடு நின்ற சிரிப்பு இப்போது வயிறு வரைக்கும் போனது. "அப்ப இருவது வருசமா ரெண்டு பேரும் பொய்யத்தான் தின்னுட்டு இருந்திருக்கறோம்!"

அன்று ஸ்டெல்லா சொல்லச் சொல்ல அவர் அரைத்தார். எனக்கு ஒரு கரண்டி, ஸ்டெல்லாவுக்கு ஒரு கரண்டி. பள்ளிபாளையத்தார் செய்ததுபோல மிளகாயின் விதையை உதறினார்கள். நான் "புதினா முன்னால நிக்குது, மல்லி பின்னால ஒளியுது" என்றேன். இன்னொரு பிடி மல்லி சேர்ந்தது. கிளம்பும்போது டிவி பெட்டியின் அட்டையைக் கிழித்து ஸ்டெல்லா பெரிய எழுத்தில் எழுதி வண்டியில் கட்டினார்: நல்லா இருக்குதுன்னு சொல்லாதீங்க. குறை சொல்லுங்க.

முதலில் வந்த பெரியவர் அட்டையைப் படித்துவிட்டு, தப்பான வீட்டுக்குள் நுழைந்தவர்போல நின்றார். செட்டைத் தின்றார். "நல்லா..." என்று ஆரம்பித்து, அட்டையைப் பார்த்து நிறுத்தினார். "இது என்னங்க வம்பு? கொறையுன்னு ஒண்ணும் பெருசா..."

"சும்மா சொல்லுங்க."

"பீட்ரூட்டு கொஞ்சம் ஈரமா இருக்குதோ என்னமோ. நாஞ் சொன்னேன்னு வெச்சுக்காதீங்க."

ஆரோக்கியம் துருவலைப் பிழிந்து போட்டார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஒரு பெண் இஞ்சி தூக்கல் என்றார். இன்னொருவர் இஞ்சி கம்மி என்றார். இருவரும் சண்டை பிடித்துக்கொண்டு ஆளுக்கு இன்னொரு செட்டு வாங்கினார்கள். பதினெட்டு வருடம் குறை சொல்லாத ஊர் ஒரே மாலையில் வட்டியோடு சொல்லித் தீர்த்தது. எட்டு மணிக்குத் தட்டை டப்பா காலி.

ஞாயிறு பகல் மக்காச்சோளக்காரர் வந்தார். வண்டி விற்பனைக்கு இல்லை என்றதும் நியாயமாகவே கோபப்பட்டார். ஆரோக்கியம் மன்னிப்புக் கேட்டு ஒரு செட்டு போட்டுக் கொடுத்தார். மென்று முடித்துவிட்டு, "வெங்காயம் மொத்தையா இருக்குது. இத்தன கெட்டிக்காரரு அதப் பொடிசா நறுக்கக் கூடாதுங்களா?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆரோக்கியம் உடனே அரிவாள்மணையை எடுத்தார்.

மாலையில் விருத்தாசலம் போகும் ரயிலில் ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. வண்டி கிளம்பும் நேரத்தில் ஆரோக்கியம் தூக்குப்போணியோடு நடைமேடையில் ஓடிவந்தார். தட்டை தனி, சட்னி தனி, துருவல் தனி. ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றபடியே ஒன்றை அடுக்கி நீட்டினார். நான் வாயில் போட்டுக்கொண்ட நேரம் வண்டி நகர்ந்தது.

அவரும் கூடவே நடந்தார். "சொல்லுங்ணா! மறைக்காம சொல்லுங்க!"

தட்டை உடைந்தது. முதலில் மல்லி, அதன் தோளில் கைபோட்டபடி புதினா. பிறகு பூண்டு. பீட்ரூட்டின் இனிப்பு எல்லாவற்றையும் இழுத்து ஒரு கட்டாகக் கட்டியது. காரம் கடைசியில் வந்து, கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வராமல் நின்றது. குறை தேடினேன். உப்பில் தேடினேன், வெங்காயத்தில் தேடினேன். எங்கள் பக்கத்தில் நாங்கள் குறை சொல்லியே பழகியவர்கள். ஒன்று கிடைத்திருந்தால் சொல்லாமல் விட்டிருக்க மாட்டேன். அவர் நடை ஓட்டமாகிவிட்டது. நடைமேடை முடியப்போகிறது.

இந்த நான்கு நாளில் நான் ஒரு தரம்கூடச் சொல்லாத சொல் அது. ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, வாய் நிறையத் தட்டையோடு கத்தினேன்:

"நல்லா இருக்குதுங்க!"

ஆரோக்கியம் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். தூக்குப்போணியை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். ரயில் வளைவில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை நம்பினார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.